பாறசாலையில் கழற்றிய கதவுகள்

அக்காள் மகளின் படிப்பை நிறுத்தி ஊருக்குக் கூட்டிவரப் போகிறவன், வழியில் ரசவடை தின்றதைப் பற்றியெல்லாம் எழுதக்கூடாதுதான். ஆனால் அந்த ரசவடை இன்னும் நாக்கில் நிற்கிறது. தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். கோவில்பட்டியில் ஒரு சினிமா தியேட்டரில் மானேஜராக இருந்தேன். பக்கத்து மாநிலமான கேரளாவுக்குள் நான் முதன்முதலாகக் கால் வைத்தது அந்தப் பயணத்தில்தான். பாஸ்போர்ட் கேட்காத வெளிநாடு என்று வைத்துக்கொள்ளலாம்.

காரணம் இது. என் அக்காள் மகள் உமா தனுவச்சபுரத்தில் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். பாறசாலையில் அத்தானின் அக்காள் தங்கம் மதினி வீட்டில் தங்கி, தினமும் பஸ்ஸில் போய்வருவாள். அத்தான் வளைகுடாவில் ஒரு கம்பெனியில் கணக்கர். ஒருநாள் மேட்னி ஓடிக்கொண்டிருக்கும்போது தியேட்டர் போனில் அவர் குரல் வந்தது. பாறசாலையில் ஓர் இன்டர்நெட் கடைக்குள் போலீஸ் நுழைந்ததாம். கதவைச் சாத்திய அறைக்குள் உமா யாருடனோ இருந்தாளாம். பெயரைக் கேட்டுக்கொண்டு அனுப்பிவிட்டார்களாம். அத்தானுக்குக் குமரி மாவட்டத்து விளவங்கோடு பூர்வீகம். கோபம் வந்தால் மட்டும் அந்தப் பேச்சு வந்துவிடும், 'சொல்ல' என்பது 'செல்ல' ஆகிவிடும்.

"உள்ள என்ன செய்தேன்னு கேட்டா செல்ல மாட்டேங்கா. கூட யாருன்னு கேட்டா அதயும் செல்ல மாட்டேங்கா. நீ போய்க் கேளு. வெள்ளிக்கிழமைக்குள்ள வாயத் தொறக்கேல்லன்னா டி.சி.ய வாங்கிக்கிட்டு கூட்டிட்டு வந்துரு. பெம்பிளப் பிள்ளைய இனி அங்க விட்டு வைக்க முடியாது."

நானும் சரி என்றேன். எனக்கு அப்போது கட்டுப்பாட்டின் மேல் பெரிய மரியாதை. சென்சார் சான்றிதழ் திரையில் வராமல் எங்கள் தியேட்டரில் ஒரு படமும் ஆரம்பித்ததில்லை. வெட்டுவதற்கு மேலே ஆள் இருப்பதால்தான் ஜனங்கள் குடும்பத்தோடு வருகிறார்கள் என்பது என் கட்சி. இன்டர்நெட் என்ற ஒன்றுக்கு வெட்டுகிற ஆளே கிடையாது என்று பத்திரிகையில் படித்ததும் அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொண்டேன். அரசாங்கம் இதை உடனே பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். இன்டர்நெட்டைக் கண்ணால் பார்த்தது கிடையாது, அது வேறு விஷயம்.

நாகர்கோவிலில் ஏறிய பஸ் களியக்காவிளைக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஏற்றத்தில் இருமிவிட்டு நின்றுபோனது. டிரைவர் இறங்கி முன்பக்கத்தைத் திறந்து பார்த்தார். பிறகு ஒரு பீடியைப் பற்ற வைத்தார். அதிலிருந்தே எங்களுக்கு நிலைமை புரிந்தது. எல்லோரும் நடக்க ஆரம்பித்தோம். என் பக்கத்து சீட்டில் வந்த அம்மாள் இரண்டு கையிலும் பை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"மக்கா, ஒரு பையப் பிடிக்கியளா? எல்லை கழிஞ்ச பிறகு வாங்கிக்கிடுதேன்."

பிடித்தேன். நல்ல கனம். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு நான் பையைத் தூக்கிக்கொண்டு போனதைச் சோதனைச் சாவடிக்காரர் பார்த்தார். ஒரு வணக்கம்கூட வைத்தார் என்று நினைக்கிறேன். அந்தப் பக்கம் போனதும் அம்மாள் பையை வாங்கிக்கொண்டு சிரித்தார். உள்ளே அத்தனையும் நம் பக்கத்து அரிசி. கேரளாவுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அப்போது தடை.

"இது கடத்தல் இல்லையா?" என்றேன். எனக்கு வியர்த்துவிட்டது.

"லாறியில போனாக் கடத்தல். கையில போனாச் சோறு. செக்போஸ்ட்டு லாறிக்காக்கும் மக்கா, மனுசனுக்கில்ல" என்று சொல்லிவிட்டு அவர் தன் வழியே போனார்.

கட்டுப்பாட்டை ஆதரிக்கிறவன் காலை பத்து மணிக்குள் அரிசி கடத்தியாயிற்று. மனசை ஆற்றிக்கொள்ள ஒரு சாயாக் கடையில் உட்கார்ந்தேன். அங்கேதான் ரசவடை. பருப்பு வடையைச் சுடச்சுட ரசத்தில் ஊறப்போட்டுத் தருகிறார்கள். எங்கள் ஊரில் வடை என்றால் பல்லுக்கு வேலை. இங்கே அது தானாகத் தொண்டைக்குள் இறங்கிக்கொள்கிறது. மூன்று தின்றேன். கோபத்தோடு போய் இறங்க வேண்டிய ஆள், ஏப்பத்தோடு போய் இறங்கினேன்.

தங்கம் மதினி பெருங்கடவிளையில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நேராகப் பேசுகிறவர். வீட்டைச் சுற்றி தென்னை, பலா, மிளகுக்கொடி. எங்கள் கரிசலில் குடிக்கவே தண்ணீர் கிடையாது. இங்கே கிணற்றில் கையை நீட்டினால் தண்ணீர் எட்டும்போல இருந்தது. பொறாமையாகத்தான் இருந்தது. மத்தியானம் சிவப்பரிசிச் சோறு. ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக முறைத்துக்கொண்டு நின்றது. சாளை மீன் கறியை ஊற்றியதும் வழிக்கு வந்தது.

"தம்பி, அவளுக்கு நான் குத்தம் சொல்லேல்ல. நல்ல பிள்ளையாக்கும்" என்றார் மதினி, இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டே. "ஆனா அந்தக் கடைய எனக்குப் பிடிக்காது. மருந்துக் கடையில போனா விஷத்துக்குச் சீட்டு கேக்கியானுவ இல்லியா? இதுக்கும் ஒரு சீட்டு வேணும். சர்க்கார் பின்ன எதுக்கு இருக்கு?"

எனக்கு அப்படியே மனசில் ஒட்டியது. சாயங்காலம் உமா கல்லூரியிலிருந்து வந்தாள். ஒரு வருஷத்தில் பேச்சே மாறிப்போயிருந்தது. கிணற்றடியில் வைத்துக் கேட்டேன். மிரட்டலாகத்தான் ஆரம்பித்தேன்.

"மாமா, என்னப் பத்திக் கேட்டா எதுவேணும்னாலும் செல்லுவேன். அது எனக்க காரியம் இல்ல" என்றாள்.

"அப்போ யார் காரியம்?"

"அதச் சொன்னாலே எல்லாம் சொன்னமாதிரிதான் மாமா."

"வெள்ளிக்கிழமை பெட்டியைக் கட்டிடுவார் உங்க அப்பா. தெரியுமில்ல?"

"தெரியும்" என்றாள். முகம் சுண்டிப்போயிருந்தது. வாளியைக் கிணற்றில் இறக்கிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து பார்க்கிற பிள்ளை. பொய் சொல்ல நினைத்திருந்தால் அந்த நேரத்துக்கு ஒரு நல்ல பொய் சொல்லியிருப்பாள். சினிமாவுக்குப் போனதற்கு அக்காளிடம் எத்தனை சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலை புட்டும் பயறும் பப்படமும் முடித்துவிட்டு, அந்தக் கடையைப் பார்க்கப் போனேன். பாறசாலை ஜங்ஷனில் ஒரு சின்ன அறை. நாலு கம்ப்யூட்டர். ஒவ்வொன்றுக்கும் பிளைவுட்டில் தடுப்பு. தடுப்புக்குக் கதவு இருந்த இடத்தில் கீல் மட்டும் தொங்கியது. கடைக்காரர் சசி முன்பு வீடியோ காசெட் வாடகைக்கு விட்டவர். நான் தியேட்டர்காரன் என்றதும் பழைய எதிரிக்குக் காட்டுகிற மரியாதையோடு நாற்காலி போட்டார்.

"கதவக் கழற்றினது நான்தான் சாரே. எஸ்.ஐ. நின்னு பாத்தாரு. தன்மையான மனுசனாக்கும். டில்லியில இதுக்கு ஒரு சட்டம் வரப்போவுது, அது வரைக்கும் கதவு வேண்டாம்னாரு. சாயா குடிச்சிட்டுப் போனாரு."

"பையன்கள் கண்டதையும் பார்த்தார்களாமே?"

"பொய் சொல்லப்படாது. பாத்தானுவ. ஆனா சாரே, இங்க ஒரு படம் மேலேந்து இறங்கி வரணும். தலை வரும், நெத்தி வரும், கழுத்து வரும்போ அவனுக்க டைம் முடிஞ்சிரும்."

எனக்கும் ஒன்றைத் திறந்து காட்டினார். முதலில் டெலிபோனுக்குள் யாரோ தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு பனிமலை, சொட்டுச் சொட்டாக மேலிருந்து இறங்கியது. எங்கள் தியேட்டரில் திரை கீழிருந்து மேலே போகும். இங்கே மேலிருந்து கீழே வருகிறது. மலையின் அடிவாரம் வருவதற்குள் நான் பால் விடாத ஒரு கட்டஞ்சாயாவை முடித்துவிட்டேன். அந்தப் பொறுமையை இன்று நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. இப்போது பேரன் கையில் உலகமே ஒரு நொடியில் வந்து நிற்கிறது. அவன் அதையும் பாதியில் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகிறான். நாங்கள் ஒரு பனிமலைக்காக வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கழற்றிய கதவுகளில் ஒன்று பக்கத்துச் சாயாக் கடைக்கு வெளியே, இரண்டு கல்லின் மேல், பெஞ்சாகக் கிடந்தது. அதில் மூன்று நான்கு பெரியவர்கள். அவர்களுக்கு நேராக நாலு திரையும் தெரிந்தன. அப்போது ஒரு சின்ன வயதுப் பெண் வந்து ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கணவன் வெளிநாட்டில் என்பது அவள் உட்கார்ந்த அவசரத்திலேயே தெரிந்தது. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடித் தட்டினாள். மலையாளத்தைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் ஒருவர் அதை எழுத்துக்கூட்டி மற்றவர்களுக்குச் சத்தமாகப் படித்தார்.

"ஓணத்துக்கு வருவானான்னு கேக்கா" என்றார்.

"லீவு கிட்டியிருக்காது" என்றார் இன்னொருவர் அக்கறையாக.

மூன்றாமவர், பல் போன கிழவர், எழுந்தே வந்துவிட்டார். "மோளே, அவனுக்க அம்மைக்குக் கால்வீக்கம்னு எழுதேல்லியே. அதயும் எழுது, அவன் அறியணும்."

அவர்கள் ஒருவரிடமும் கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் கொடுமை. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு கால்வீக்கத்தையும் அடித்தாள். பிறகு வேறு என்னவோ அடிக்க விரலைத் தூக்கினாள். திரும்பி பெஞ்சைப் பார்த்தாள். அடிக்காமலே அனுப்பிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

"கண்டியளா சாரே? பயலுவ படம் பாக்கியது நிக்கேல்ல, அவனுவ திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறிப் போறானுவ. நின்னுபோனது இவியளாக்கும்" என்றார் சசி.

நான் பனிமலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அதுவரை தோன்றாத ஒரு விஷயம் தோன்றியது. நான் இன்டர்நெட்டை ஒரு தியேட்டர் என்று மட்டும் நினைத்திருந்தேன். தியேட்டர் என்றால் சான்றிதழ் வேண்டும், வாசலில் வயசு பார்க்க ஆள் வேண்டும். அதில் இன்றைக்கும் நான் மாறவில்லை. ஆனால் இது தியேட்டரும் தபாலாபீசும் ஒரே கூரையின் கீழ் இருக்கிற கட்டடம். தியேட்டருக்கென்று வந்த உத்தரவு தபால்பையையும் சேர்த்துப் பிரித்துக் கொட்டிவிட்டது. எந்த அறைக்கு எந்தச் சட்டம் என்று சொல்ல எஸ்.ஐ.க்கும் தெரியவில்லை, டில்லிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

உமாவின் மாமா நான் என்று அப்போதுதான் சசியிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். உமாவோடு உள்ளே இருந்தது ஒரு பெண். பேர் ஜெசிந்தா. காஞ்சிரங்குளத்துக்கு அந்தப் பக்கம் கடற்கரையிலிருந்து, தன் ஊர்க்காரர் ஒருவரும் கண்ணில் படக்கூடாதென்று இரண்டு பஸ் மாறி இங்கே வருவாளாம். அவளுக்கு அடிக்கத் தெரியாது. ஒருநாள் தயங்கி நின்றவளைப் பார்த்து உமாதான் உள்ளே கூப்பிட்டாளாம். அதிலிருந்து அவள் காதோரம் சொல்வாள், உமா அடிப்பாள். போலீஸ் வந்ததும் ஜெசிந்தா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்வழியாகப் போய்விட்டாள்.

"என்ன எழுதுவாங்க?"

"அது உமாவுக்கும் அவியளுக்கும் தெரியும். நான் கேட்டதில்ல. இனி அவிய வரமாட்டாவ சாரே."

அன்று சாயங்காலமே அத்தானுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கூட இருந்தது பெண்தான் என்று கேட்டால் அடங்குவார் என்று நினைத்தேன். அடங்கவில்லை.

"கடைக்காரன் அவனுக்க கடையக் காப்பாத்த ஆயிரம் கதை செல்லுவான். இங்கல்லாம் சர்க்கார் வேண்டாத்தது ஒண்ணயும் தொறக்கவே விடாது, எல்லாரும் ஒழுங்கா இருக்கோம். உண்மைன்னா எனக்க மோள் செல்லட்டு. என்ன எழுதினா, யாருக்கு எழுதினா. அவளுக்க வாயால வரணும்."

உமாவிடம் போய், எல்லாம் தெரிந்துவிட்டது, இனி மறைக்க என்ன இருக்கிறது, அப்பாவிடம் இரண்டு வரி சொல்லிவிடு என்றேன். அவளுக்கு என் மேல்தான் கோபம் வந்தது. "பேரயும் அப்பாட்ட சொல்லியாச்சா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு இரவுச் சாப்பாட்டில் மரச்சீனிக் கிழங்கு அவியலை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். மரச்சீனி வெண்ணெயாக வெந்திருந்தது. எனக்கு இறங்கவில்லை. அப்படி நடப்பது அபூர்வம்.

சரி, அந்த ஜெசிந்தாவையே பார்த்துவிடுவது என்று மூன்றாம் நாள் கிளம்பினேன். நெய்யாற்றின்கரையில் இறங்கி காஞ்சிரங்குளம் பஸ் பிடிக்க வேண்டும். அங்கே பஸ் போர்டு எல்லாம் மலையாளம். எனக்கு அந்த எழுத்து ஒவ்வொன்றும் சுருண்டு படுத்த பூனை மாதிரிதான் தெரிந்தது. புறப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸைக் காட்டி ஒருவரிடம் கேட்டேன். அவரும் அவசரத்தில் தலையை ஆட்டினார், நானும் அவசரத்தில் ஏறினேன். அரைமணி நேரம் கழித்து, கடல் வர வேண்டிய இடத்தில் மலை வந்தது. ரப்பர் மரங்கள் வந்தன. கூட்டத்தில் அப்போதுதான் என்னிடம் வந்த கண்டக்டர், நான் ஊர்ப் பெயரைச் சொன்னதும் மிகவும் மரியாதையாகச் சொன்னார், இது பெருங்கடவிளை வண்டி என்று.

இறங்கினால் சந்தை. சேனைக்கிழங்கும் மரச்சீனியும் மலையாகக் குவித்திருந்தார்கள். மட்டி வாழைப்பழம் வாங்கித் தின்றேன், விரல் நீளம்கூட இல்லை, தேன். பள்ளிக்கூடம் பக்கத்தில்தான் என்று கேட்டு மதினியைத் தேடிப் போனேன். இடைவேளையில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, மதினி வராந்தாவுக்கு வந்தார். நான் கடல் தேடி மலைக்கு வந்த கதையைக் கேட்டு முதலில் சிரித்தார். ஜெசிந்தா கதையைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப நம்ம பிள்ள அடுத்தவியளுக்கு எழுத்துக்காரியா இருந்தாளா?" என்றார். வராந்தாத் திண்ணையில் உட்கார்ந்தார். "எனக்க அவரு பம்பாயில இருந்தப்ப, நான் எழுதுத கடிதத்த ஒட்டி, அது காயுத வரைக்கும் கையில வச்சுக்கிட்டிருப்பேன். போஸ்ட்மேன் தொறந்து படிச்சிருவாரோன்னு. படிச்சா ஒண்ணும் கிடையாது, பசுவுக்கு சொகமில்ல, ஓடு மாத்தணும், இதாக்கும் எழுதினது. ஆனாலும் வேற ஒருத்தன் படிக்கப்படாது."

"அப்போ சீட்டு வேணும்னு சொன்னீங்களே மதினி?"

"இப்பவும் வேணும். விஷத்துக்கு. கடிதாசுக்கு யாரு கேட்டா?" என்று முறைத்தார். மணி அடித்தது. "எனக்க தம்பிட்ட நானும் செல்லுதேன். கேக்கமாட்டான், பிடிவாதக்காரன். எங்க அப்பன மாதிரி."

மதினி சொன்னார், அத்தானும் கேட்கவில்லை. மறுநாள் வெள்ளி. உமா தன் பெட்டியைத் தானே கட்டினாள். புத்தகங்களை அடியில் வைத்து, அதன்மேல் துணியை வைத்தாள். அழவில்லை. அதைப் பார்க்க எனக்குத்தான் தாங்கவில்லை. தனுவச்சபுரத்துக்குப் போய் டி.சி. கேட்டேன். கல்லூரி ஆபீசில் ஒருவர், நல்ல மார்க் வாங்குகிற பிள்ளையை ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டார். குடும்பச் சூழ்நிலை என்றேன். மத்தியானத்துக்கு மேல் வரச் சொன்னார். திரும்பும் பஸ்ஸில் மாணவிகள் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு ஏறினார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாறசாலையில் இறங்கி, சசியிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று கடைக்குப் போனால், வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை, துவைத்து மடித்த வாயில் சேலை. பெஞ்சுக்காரர்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கீல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சசி என்னைக் கண்டதும் சட்டென்று எழுந்தார்.

"இதாக்கும் உமாவுக்க மாமன்."

ஜெசிந்தா என்னை நேராகப் பார்த்தாள். "அந்தப் பிள்ளைக்கு எந்தெங்கிலும் கொழப்பம் உண்டான்னு கேக்க வந்தேன். அண்ணைக்கு நான் பயந்து ஓடிப்போனேன். பிறகு உறக்கம் வரேல்ல."

கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னேன். படிப்பை நிறுத்தப்போகிறோம், டி.சி. மத்தியானம் கைக்கு வந்துவிடும் என்று. அவளைக் குற்றம் சொல்லும் குரலில் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். ஆனால் குரலில் வந்துவிட்டது.

"அவ ஒண்ணும் செல்லேல்லியா?"

"உங்க பேரைக்கூட சொல்லலை."

அவள் ரோட்டைப் பார்த்தாள். ஒரு லாரி போய்முடிகிற வரை பார்த்தாள். பிறகு கேட்டாள். "அவளுக்க அப்பனுக்க நம்பர் உங்ககிட்ட உண்டா?"

ஜங்ஷன் முனையில் ஐ.எஸ்.டி. பூத். வெள்ளிக்கிழமை அங்கே லீவு; அத்தான் தங்கும் அறை நம்பரை நானே சுழற்றி, அவர் லைனில் வந்ததும், "அத்தான், உமாவோட இருந்தவங்க பேசணுமாம்" என்று மட்டும் சொன்னேன். ரிசீவரை வாங்கிக்கொண்ட ஜெசிந்தா, நான் வெளியே போகக் காத்து நின்றாள். நான் வெளியே வந்ததும் பூத்தின் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

வெளியே நின்றேன். அவள் முதுகு மட்டும் தெரிந்தது. இந்த ஜங்ஷனில் எத்தனை பூத், எல்லாவற்றுக்கும் கதவு. ஒருவரும் வந்து கழற்றச் சொன்னதில்லை. உள்ளே காதலைப் பேசுகிறார்களா கொலையைப் பேசுகிறார்களா, யாருக்குத் தெரியும்? டெலிபோன் நமக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். புதுசாக வந்தவனைப் பார்த்துத்தான் நாய் குரைக்கும். அவள் நெடுநேரம் பேசினாள். நடுவில் ஒருமுறை தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். நான் பார்வையைத் திருப்பி, எதிர்க்கடையில் தொங்கிய வாழைத்தாரைப் பார்த்தேன்.

வெளியே வந்தபோது முகத்தைத் துடைத்திருந்தாள்.

"பேசியாச்சு. நல்ல மனுசன். குறுக்க ஒண்ணும் பேசேல்ல" என்றாள். "பிள்ளைகிட்ட செல்லுங்க, ஜெசிந்தாக்கா கேட்டான்னு. நான் வாறேன்."

ஒரு சாயாவாவது குடியுங்கள் என்றேன். பஸ் வந்துவிட்டது என்று ஓடினாள். அவளை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

டி.சி.க்குப் போகாமல் நேராக வீட்டுக்குப் போய் உமாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல. நாலு நாளாக அழாத பிள்ளை அப்போது அழுதாள்.

"அவியளப் பேச விட்டுட்டீங்களே மாமா. நான் படிப்ப விட்டிருப்பேனே."

மதினி அவள் தலையைத் தன் மடியில் இழுத்துக்கொண்டார். எனக்கு அந்தப் பத்தொன்பது வயசுப் பிள்ளையின் முன்னால் எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது. எங்கள் வம்சத்தில் ஒரு ரகசியம் ஒரு பொழுதைத் தாண்டியது கிடையாது. இவள் எங்கிருந்து வந்தாள் என்று ஆச்சரியமாக இருந்தது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு போனுக்கு அத்தான் கூப்பிட்டார். குரல் ஆளே மாறியிருந்தது. "அவ படிக்கட்டு. நீ ஊருக்குப் போ" என்றார். அந்தம்மா என்ன சொன்னாங்க என்று கேட்டேன். மதினிக்கும் கேட்க வேண்டுமென்று ரிசீவரைக் கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தேன். "மீன் கறி சாப்பிட்டியா?" என்று அவர் கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். போனை வைத்துவிட்டார்.

அடுத்த நாள் காலை உமா பெட்டியைப் பிரித்துப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது நான் கிளம்பினேன். மதினி ஒரு சாக்கில் சேனைக்கிழங்கும் பலாக்கொட்டையும் கட்டிக்கொடுத்தார். எல்லையில் யாரும் தடுக்கவில்லை. ஊர் வந்து சேர்ந்தபோது வழக்கம்போல வெயில், வழக்கம்போலத் தண்ணீர் லாரிக்குச் சண்டை. கொஞ்சநாள் எனக்கு ஒன்றும் ருசிக்கவில்லை. பாறசாலை ஈரம் மூக்கிலேயே இருந்தது.

எல்லாம் நேற்று மாதிரி இருக்கிறது. உமா இப்போது பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறாள், அவளுக்கே கல்லூரிக்குப் போகிற மகள் உண்டு. சசி கடையை எப்போதோ மூடிவிட்டார். அந்தச் சுரண்டல் சத்தத்தை எங்கேயாவது கேட்டால் போதும், நான் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவேன். கையில் கட்டஞ்சாயா, எதிரே பாதி இறங்கிய பனிமலை. எதற்கும் காத்திருக்கத் தெரிந்த காலம் அது. அது போனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

அத்தான் ஓய்வு பெற்று வந்து எங்கள் தெருவிலேயே வீடு கட்டினார். சென்ற பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தோம். டிவியில் யாரோ, ஜனங்கள் அனுப்புகிற எல்லாச் செய்தியையும் அரசாங்கம் படித்துப் பார்க்க வேண்டும், அப்போதுதான் நாடு உருப்படும் என்று பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் பாதிப்பேர் ஆமாம் என்றார்கள், பாதிப்பேர் இல்லை என்றார்கள். அத்தான் எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் தெரியும் என்கிற மாதிரி அவரைப் பார்த்தார்கள். அவர் எழுந்துபோய் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

அந்தச் சூட்டில் அக்காள் பழைய கதையை எடுத்தாள். இத்தனை வருஷமாகக் கட்டின பெண்டாட்டிக்கே சொல்லாமல் வைத்திருக்கிறாரே, அந்தக் கடற்கரைக்காரி அன்றைக்கு போனில் அப்படி என்னதான் சொன்னாள் என்று இன்றைக்காவது சொல்லச் சொல்லு என்றாள். உமாவும் அங்கேதான் இருந்தாள். தலையைக் குனிந்து கரும்பை ஒடித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன். இப்போது சொன்னால் என்ன அத்தான், யாருக்கு என்ன ஆகப்போகிறது?

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. ஆனாலும் அந்த விளவங்கோட்டுப் பேச்சு வந்தது.

"அவிய மொதல்ல கதவ அடச்சாவ. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுது. அதுக்குப் பிறகாக்கும் பேசினாவ."